1,033 பேர் நின்ற தேர்தல்

1996ஆம் ஆண்டு தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சித் தொகுதியில் குறித்த நாளில் வாக்குப்பதிவு நடத்த முடியவில்லை. களத்தில் இருந்த வேட்பாளர்கள் 1,033 பேர். அத்தனை பெயரும் சின்னமும் ஒரு தாளில் அடங்குமா? தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனது. கடைசியில் வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சாகி வந்தது. வாக்காளர் அதைக் கையில் வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டித் தன் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

நின்றவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். எந்தக் கட்சி வந்தாலும் தங்கள் கோரிக்கைகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்ற கோபத்தில் வேட்புமனுவையே போராட்டக் கருவியாக அவர்கள் எடுத்தார்கள். திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஜெயிப்பதற்காக அவர்கள் நிற்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதே ஆண்டு, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். எலும்பை வளைக்கும் ஃபுளோரைடு கலந்த தண்ணீரைத் தலைமுறைகளாகக் குடித்துவந்த ஊர்கள் அவை. நல்ல தண்ணீர் கேட்டு மனுக் கொடுத்துச் சலித்தவர்கள், கடைசியில் வேட்புமனு கொடுத்தார்கள்.

இரண்டு இடத்திலும் மக்கள் சாலையை மறிக்கவில்லை, பேருந்தின் மேல் கல்லெறியவில்லை. சட்டம் திறந்து வைத்திருந்த வாசல் வழியாகவே வந்தார்கள், கூட்டமாக வந்தார்கள். நாடாளுமன்றம் அதே ஆண்டில் பதில் சொன்னது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆயிற்று. மக்களவைக்கு 500 ரூபாய் 10,000 ஆயிற்று. சுயேச்சையாக நிற்க 10 பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் வந்தது. 2010 முதல் தொகை மேலும் உயர்ந்து, இன்று சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.

25,000 ரூபாய் என்பது எவ்வளவு? 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான நாள்கூலி 319 ரூபாய். அந்தக் கணக்கில் 78 நாள் கூலி. ஒரு குடும்பத்துக்கு அந்த ஆண்டு முழுவதும் கிடைக்கக்கூடியதாக இருந்த வேலையே 100 நாள்தான். வாக்குச்சாவடியில் மில் முதலாளிக்கும் களையெடுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஒரு ஓட்டு; வேட்புமனு வாங்கும் மேசைக்கு வந்ததும் அந்தச் சமத்துவம் முடிந்துவிடுகிறது.

பணம் ஓரிடத்தில் குவியும்போது பிரதிநிதித்துவம் என்ன ஆகிறது? பிரதிநிதித்துவம் பழுதுபட்டால் குடிமக்கள் வீதிக்கு வரலாமா? இந்த இரண்டு கேள்விகளையும் இந்தியாவில் ஒன்றாகக் கட்டிவைத்தவர் அம்பேத்கர். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரையில் இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. குடியரசாகும் நாளில் இந்தியா ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறது என்றார்: அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஒவ்வோர் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அந்தச் சமத்துவம் கிடையாது. இதை நீண்ட நாள் வைத்திருந்தால், பாதிக்கப்பட்டவர்களே ஜனநாயகக் கட்டடத்தைத் தகர்த்துவிடுவார்கள் என்றார். இதை மேடைதோறும் சொல்கிறார்கள்.

மற்றொன்றை மேற்கோள் காட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். இனி ரத்தப் புரட்சி மட்டுமல்ல, சட்டமறுப்பும் ஒத்துழையாமையும் சத்தியாகிரகமும்கூட வேண்டாம் என்று அதே உரையில் அம்பேத்கர் சொன்னார். அரசியல் சட்ட வழிகள் இல்லாத காலத்தில் அவற்றுக்கு நியாயம் இருந்தது; வழிகள் திறந்திருக்கும்போது அவை அராஜகத்தின் இலக்கணமே என்றார். போராடுகிறவர் முதல் பகுதியைக் காட்டுகிறார், போராட்டத்தைத் தடுக்கிறவர் இரண்டாவதைக் காட்டுகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் நிபந்தனை தெளிவாகத் தெரிகிறது: வழி திறந்திருக்க வேண்டும். ஆகவே போராடலாமா என்று பொதுப்படையாகக் கேட்பதைவிட, வழி யாருக்குத் திறந்திருக்கிறது, எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளந்து பார்ப்பதே முறை.

அளப்பதற்குக் கணக்குகள் இருக்கின்றன. தாமா பிக்கெட்டி, லூகா ஷான்செல் உள்ளிட்டோர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, 1922 முதல் 2023 வரையான இந்திய ஏற்றத்தாழ்வை ஆராய்ந்தது. 2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருந்தன என்று அது மதிப்பிட்டது. வருமான வரித் தரவு, கணக்கெடுப்புகளின் தரம் ஆகியவை பற்றிப் பொருளாதார அறிஞர்களிடையே தகராறு உண்டு. சரியான எண் எது என்பதில்தான் சண்டை. மேலே குவிகிறது என்பதை மறுப்பவர் குறைவு.

அந்தக் குவியல் நாடாளுமன்றத்தில் எப்படித் தெரிகிறது? வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொகுக்கிறது. மக்களவையில் கோடீஸ்வரர்களின் எண்ணிக்கை 2009இல் 315, 2014இல் 443, 2019இல் 475, 2024இல் 504. மொத்த இடமே 543. 2024இல் கோடிக்கு மேல் சொத்துள்ள வேட்பாளர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் வென்றார்கள். கோடிக்குக் கீழே இருந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இந்தக் கணக்கை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. சென்னையில் அப்பா கட்டிய ஒரு வீடு இருந்தாலே இன்று ஒருவர் கோடீஸ்வரர். சொத்துள்ளவர் ஏழைக்காகப் பேசமாட்டார் என்ற விதியும் இல்லை. 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டமும் ரேஷன் அரிசியும் கட்சிகளுக்கு இடையிலான போட்டியில் வந்தவை, ஏழைகளின் ஓட்டுக்குப் பயந்து வந்தவை. உறுப்பினர் யார் என்பதைவிட அவர் யாருக்குப் பயப்படுகிறார் என்பது முக்கியம் என்ற வாதத்தில் வலு இருக்கிறது.

ஆனால் யார் உள்ளே போகிறார் என்பதும் முடிவை மாற்றுகிறது. எஸ்தர் டுஃப்ளோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துகளை ஆராய்ந்து 2004இல் எழுதினார்கள். தலைவர் பெண்ணாக இருந்த ஊர்களில் குடிநீருக்குக் கூடுதல் பணம் போனது. பெண்கள் அதிகம் முறையிட்டதும் அதைப் பற்றித்தான். பிரேசிலில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே முன்பு வேட்பாளரின் பெயரையோ எண்ணையோ வாக்காளரே சீட்டில் எழுத வேண்டும்; எழுத்து வராத ஏழைகளின் ஓட்டு ஏராளமாகச் செல்லாமல் போனது. 1998இல் மின்னணு இயந்திரம் பெரிய நகரங்களுக்கு வந்தது, 2002இல் எங்கும் வந்தது. அந்த ஓட்டுகள் எண்ணிக்கைக்குள் வந்ததும் பொது மருத்துவத்துக்கான செலவு கூடியது, படிக்காத தாய்மார்களுக்கு எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் குறைந்தன என்று தாமஸ் ஃபுஜிவாரா காட்டினார். யாரும் கொடி பிடிக்கவில்லை. வாசலில் கிடந்த ஒரு கல்லை எடுத்துப் போட்டார்கள், அவ்வளவே.

அமெரிக்காவில் மார்ட்டின் கிலென்ஸும் பெஞ்சமின் பேஜும் 1,779 கொள்கை விவகாரங்களை எடுத்துப் பார்த்து, பணக்காரர்களின் விருப்பத்துக்கு இருக்கும் செல்வாக்கு சராசரிக் குடிமகனின் விருப்பத்துக்கு ஏறக்குறைய இல்லை என்று 2014இல் எழுதினார்கள். இரு தரப்பும் பெரும்பாலான விஷயங்களில் ஒரே விருப்பத்தோடுதான் இருக்கின்றன என்று மறுப்பும் வந்தது. அந்த விவாதம் முடியவில்லை.

இந்தியாவில் உச்ச நீதிமன்றமே இதைத் தொட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தை ஐந்து நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தபோது, பொருளாதார ஏற்றத்தாழ்வு அரசியல் பங்கேற்பிலும் ஏற்றத்தாழ்வை உண்டாக்குகிறது என்று தீர்ப்பு வெளிப்படையாகச் சொன்னது. கட்சிக்கு யார் பணம் கொடுத்தார் என்று அறிவது வாக்காளரின் தகவல் உரிமை என்பதே அதன் அடிப்படை.

அந்தத் தகவல் உரிமை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் ராஜஸ்தானின் ஒரு வறண்ட மூலைக்குப் போய்ச் சேரலாம். தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண்வீட்டில் தங்கியிருந்த அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் சுற்றுவட்டார உழைப்பாளிகளும் 1990 மே தினத்தன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் பிரச்சினை கூலி. பஞ்ச நிவாரண வேலையில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கைக்கு வரவில்லை. கேட்டால், நீங்கள் அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில். பதிவேட்டைக் காட்டு என்றால், அது அரசாங்க ரகசியம்.

1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணை நடந்தது. ஒரு பந்தல், ஒரு ஒலிபெருக்கி. மஸ்டர் ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது, வேலைக்கே போகாதவர் பெயரில் கைநாட்டு இருந்தது. கட்டி முடித்ததாகக் கணக்கில் இருந்த கட்டடம் பந்தலில் இருந்தவர்களின் கண்ணெதிரே கூரையில்லாமல் நின்றது. ஊழல் என்ற பெரிய சொல்லுக்கு அன்று அந்த ஊர்க்காரர்களின் முகமும் பெயரும் கிடைத்தன.

1996 ஏப்ரலில், பதிவேடுகளைக் காட்டக் கேட்டு, பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, கடைவீதிக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். 2000இல் ராஜஸ்தானில் தகவல் உரிமைச் சட்டம் வந்தது, 2005இல் நாடு முழுமைக்கும் வந்தது. தமிழ்நாடு 1997லேயே தகவல் சட்டம் இயற்றிய முதல் மாநிலம். ஆனால் விதிவிலக்குகளே பக்கம் பக்கமாக இருந்த அந்தச் சட்டத்தை இன்று யாரும் நினைப்பதில்லை. பந்தலில் பிறந்த சட்டத்துக்கும் கோப்பில் பிறந்த சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. பியாவரில் உட்கார்ந்தவர்கள் பிரதிநிதித்துவத்தை எதிர்த்து உட்காரவில்லை. பிரதிநிதிகளிடம் கணக்குக் கேட்கும் வழியை உண்டாக்கவே உட்கார்ந்தார்கள்.

போராட்டம் என்றால் சபைக்கு வெளியே இருந்து சபையை மிரட்டுவது என்று சொல்கிறவர்கள் 2020 செப்டம்பர் 20ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்று வேளாண் சட்டங்களில் இரண்டு அன்று மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எண்ணி வாக்கெடுங்கள் என்று உறுப்பினர்கள் கேட்டும் எண்ணவில்லை. எண்ண மறுத்த சபையின் வேலையை டெல்லியின் சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் விவசாயிகள் எடுத்துக்கொண்டார்கள். ஓராண்டு கழித்து, 2021 நவம்பர் 29 அன்று, சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அதுவும் விவாதமில்லாமல், நிமிடங்களில். கோரிக்கை வென்றது, சபை தன் வேலையைத் திரும்பக் கற்றுக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் போராட்டத்தின் பக்கம் நிற்பவர்கள் தங்களையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஓராண்டு உட்கார யாரால் முடிகிறது? டிராக்டரும், மாற்றாள் அனுப்பக் குடும்பமும், கோதுமைக் கையிருப்பும் உள்ளவர்களால் முடிந்தது. பஞ்சாப் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தலித்துகள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நிலமில்லை. கிராமப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தங்களுக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் சட்டமே சொல்வதை நடைமுறைப்படுத்தக் கேட்டு சங்ரூர் மாவட்டத்தில் அவர்கள் நடத்தும் போராட்டத்தை டெல்லி பார்த்ததில்லை. கொங்குநாட்டிலும் இதே கதைதான். 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்த விவசாயிகளில் மூவர் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972இல் மாட்டு வண்டிகள் கோவையை நிறைத்தன. இரு பதிற்றாண்டுப் போராட்டத்தின் பலனாக இலவச மின்சாரம் வந்தது. அது கிணறும் பம்புசெட்டும் உள்ளவர்களின் வெற்றி. அந்த வயலில் கூலிக்கு இறங்கியவர் வீட்டுக்கு அதில் ஒரு யூனிட்டும் போகவில்லை.

நிலமற்றவர் கேட்டால் என்ன நடந்தது என்பதற்குக் கீழத்தஞ்சை இருக்கிறது. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதியான பெரும் நிலக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படி இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் காரணங்களில் ஒன்று. சொத்தே சாட்சியாகிவிட்டது. ஆனாலும் அந்தச் சாம்பலுக்குப் பிறகுதான் 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது, 1971இல் குடியிருக்கும் மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. இந்த விலையை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

சட்டம் தலித்துக்குத் தலைவர் பதவியை ஒதுக்கினாலும் ஊரின் சொத்தும் சாதியும் அதை ஏற்க மறுக்கலாம். மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தலைவர் நாற்காலியில் ஒரு தலித் நிலையாக உட்கார முடியவில்லை. அந்த ஊர்களில் பிரதிநிதித்துவம் காகிதத்தில் முழுமையாகத் திறந்திருந்தது.

வன்முறை பற்றி எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீஃபன் இருவரின் ஆய்வு பயனுள்ளது. 1900 முதல் 2006 வரை ஆட்சி மாற்றத்துக்கோ அந்நியர் வெளியேற்றத்துக்கோ நடந்த 323 இயக்கங்களில் அறவழி இயக்கங்கள் 53 சதவீதம் வென்றன, ஆயுத இயக்கங்கள் 26 சதவீதம். கூலிப் போராட்டத்துக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் காரணம் பொருந்தும்: கல்லெறியும் கூட்டத்துக்குக் கைக்குழந்தையோடு யாரும் வரமாட்டார்கள், ஆள் குறைந்தால் பலம் குறையும். அறவழியில் நின்றவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்றும் இதற்குப் பொருளில்லை. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பின் 100ஆவது நாளான 2018 மே 22இல் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆலை மூடியே இருக்கிறது. மீண்டும் திறக்கக் கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளியது.

வெற்றி பெற்ற போராட்டமும் தானாக நல்ல சட்டமாகிவிடாது. சாந்தியாகோ மெட்ரோவில் 30 பெசோ கட்டண உயர்வில் 2019 அக்டோபரில் வெடித்த சீலே, மறு ஆண்டு 78 சதவீத ஓட்டில் புதிய அரசியல் சட்டம் வேண்டும் என்றது. எழுதிக் கொண்டுவந்த வரைவை 2022இல் 62 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.

இந்தியாவில் இப்போது போராட இடமும் சுருங்குகிறது. டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடுத்தது. முழுத் தடை கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியதும் அந்த ராஜஸ்தான் உழைப்பாளிகளின் அமைப்புதான். ஷாஹீன் பாக் வழக்கிலோ, பொதுவழியைக் காலவரையின்றி அடைக்க முடியாது என்று அதே நீதிமன்றம் 2020இல் சொன்னது. சாலையில் ஆம்புலன்ஸும் போக வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒதுக்குப்புறத்தில் அடைத்து வைத்த குரல் யார் காதில் விழும்? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் நடைபாதையிலேயே இரவும் பகலும் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நடைபாதையை அடைக்கிறார்கள் என்ற வழக்கில் உயர் நீதிமன்ற ஆணை வந்தது. நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. அந்த நடைபாதையைத் தினமும் விடியற்காலையில் பெருக்கிச் சுத்தமாக வைப்பவர்கள் அவர்களைப் போன்றவர்களே. மாமன்றத்துக்குள் அவர்களுக்கு நாற்காலி இல்லை, வெளியே வாசலும் இல்லை என்றால் அம்பேத்கர் சொன்ன நிபந்தனை எங்கே நிறைவேறுகிறது?

வேட்புமனு வழியாகப் போராடுவதைக் கட்டண உயர்வும் முழுதாக அடைத்துவிடவில்லை. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத் தொகுதியில் 185 பேர் நின்றார்கள். 170க்கும் மேற்பட்டோர் மஞ்சளும் சோளமும் விளைவிப்பவர்கள். மஞ்சள் வாரியம் கேட்டார்கள். தலைக்கு 25,000 என்றால் 40 லட்சத்துக்கு மேல் டெபாசிட். 12 வாக்குப்பதிவுப் பெட்டிகளை வரிசையாக இணைத்துத் தேர்தல் நடந்தது, அப்போதைய முதலமைச்சரின் மகள் தோற்றார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாதையே தலைமையிடமாகக் கொண்டு திறக்கப்பட்டது. மஞ்சள் விற்றுப் பணம் பார்த்திருந்தவர்களால் அந்த 25,000ஐ இழக்க முடிந்தது. மஞ்சள் வெட்டும் கூலியாளால் முடியாது.

டெபாசிட் இல்லாமல் தேர்தல் நடத்த முடியாதா என்றால், நடத்துகிறார்கள். கனடாவில் 1,000 டாலர் டெபாசிட்டை ஆல்பர்ட்டா நீதிமன்றம் ஒன்று 2017இல் செல்லாதென்றது. அக்கறையோடு நிற்க விரும்புகிறவர் ஏழையாகவும் இருக்கலாம் என்பதை அது ஏற்றது. இப்போது பெரும்பாலான தொகுதிகளில் 100 வாக்காளர்களின் கையெழுத்து போதும். விளைவாக அங்கேயும் ஒரு மொடக்குறிச்சி வந்தது. தேர்தல் முறையை மாற்றக் கோரும் ஒரு குழு வேட்பாளர்களைக் கொத்துக் கொத்தாக நிறுத்துகிறது. 2025 ஆகஸ்டில் ஆல்பர்ட்டாவின் பேட்டில் ரிவர்–குரோஃபுட் இடைத்தேர்தலில் 214 பேர். இதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அங்கே போட்டியிட்ட கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் பியர் போலியேவ் கேட்டார். தேர்தல் ஆணையம் வேறொன்று செய்தது. பெயர்களே இல்லாத வாக்குச்சீட்டை அடித்து, 214 பெயர்களின் பட்டியலைச் சாவடியில் பெரிய எழுத்தில் வைத்து, விருப்பமானவர் பெயரை எழுதிப் போடுங்கள் என்று வாக்காளர் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தது. போலியேவ் பெரும் வித்தியாசத்தில் வென்றார். மற்றவர்கள் யாரும் பணம் இழக்கவில்லை.